திறந்து பார்க்காத பக்கங்கள்

அக்காவிடம் எதையும் சொல்லிவிட்டு நிம்மதியாக நகர முடியாது. "கீழ்க்கடையில டீக்குப் பவுடர் பால் ஊத்தறான்" என்று யாராவது பொழுதுபோகாமல் சொல்வார்கள். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ பாத்தியா?" என்பாள். "எல்லாரும் சொல்றாங்கக்கா." "எல்லாரும் பாத்தாங்களா?" அத்தோடு பேச்சு செத்துவிடும். வாய்க்கு ஒரு வம்பு கிடைக்காமல் ஆபீசில் உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். இரண்டு வருடம் அவளுக்கு எதிர் நாற்காலி என்னுடையது.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். எட்டுப் பேர். லாட்ஜுக்கும் டிராவல்சுக்கும் பல் டாக்டருக்கும் வெப்சைட் செய்து கொடுப்போம். செய்து கொடுத்தால் போதாது, தேடுபொறியில் தட்டினால் முதல் பக்கத்தில் வரவும் வைக்க வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் பெங்களூருக்கும் சென்னைக்கும் துபாய்க்கும் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. போனவர்கள் அங்கிருந்தபடி லாட்ஜும் வண்டியும் கல்யாண மண்டபமும் நெட்டில்தான் தேடினார்கள். நான் நகரிக்காரி. டிகிரி முடித்த கையோடு தமிழ்ப் பக்கங்கள் எழுதச் சேர்ந்தேன். அக்காவுக்குப் பாலசமுத்திரத்துக்கு அந்தப்பக்கம் ஒரு காலனி. முப்பது வயதிருக்கும். வாரம் முழுக்க திருப்பதியில் லேடீஸ் ஹாஸ்டல், சனிக்கிழமை சாயங்காலம் ஊர். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். மற்ற ஆறு பேருக்கும் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது.

அவள் பிரியமானவள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். என் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "இந்தக் கோயில்ல ஏழு வாசல்னு எழுதிகீற. எண்ணினியா?" என்றாள். வேறொரு பக்கத்தில் பார்த்துப் போட்டேன் என்றேன். "அப்ப அவன் பேர்லயே போடு" என்று அழித்துவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் செலவு செய்து போய் எண்ணிவிட்டு வந்தேன். அப்போது அவளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் மத்தியானம் தன் டப்பாவைத் திறந்ததும், "துன்னியாடி?" என்று கேட்காமல் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

எங்களிடம் வந்தவர்களில் ஒருவரைக் கல்யாணக்காரர் என்றே கூப்பிடுவோம். நாராயணவனத்தில் பந்தி பரிமாறியே வளர்ந்தவர். அங்கே பெருமாள் கல்யாணம் செய்துகொண்ட கோயில் இருப்பதால் தங்கள் வீட்டுக் கல்யாணத்தையும் அங்கேயே வைக்க வெளியூரிலிருந்து வருவார்கள். அவர்களுக்கு ஐயர், மேளம், பூ, சாப்பாடு, தங்க அறை எல்லாம் இவரும் இவர் மனைவியும் ஏற்பாடு செய்வார்கள். நாங்கள் செய்து கொடுத்த வெப்சைட் முதல் பக்கத்தில் முதலாவதாக வந்த தைரியத்தில், கோயில் தெருவில் எட்டு அறையோடு ஒரு சின்ன மண்டபத்தைக் குத்தகைக்கு எடுத்தார். வியாழக்கிழமைதோறும் ஒரு பை கொய்யாப்பழத்தோடு மாடியேறி வருவார். கம்ப்யூட்டர் பக்கமே போகமாட்டார், கதவருகே நின்று, "நம்ம பேரு எத்தனாவது கீதும்மா?" என்று கேட்பார். "மொதல்லதாங்க கீது" என்பாள் அக்கா. கேட்டுவிட்டு இறங்கிப் போய்விடுவார். அதற்காக மட்டுமே நாராயணவனத்திலிருந்து பஸ் ஏறி வருகிற மனுஷன்.

ஒரு கார்த்திகையில் அந்த முதல் இடம் போயிற்று. முதலில் மூன்றாவது, பிறகு இரண்டாம் பக்கம், பத்தே நாளில் ஐந்தாம் பக்கம். துபாயிலிருந்து ஒரு வீட்டார் கல்யாணக்காரருக்குப் போன் செய்து, தை முகூர்த்தத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். ஏன் என்று இவர் கெஞ்சிக் கேட்ட பிறகு சொன்னார்கள்: "உங்க மண்டபத்துப் பேரத் தட்டினா கெட்ட படமா வருது. சம்பந்தி வீட்டுல பாத்துட்டாங்க." கல்யாணக்காரர் அதை எங்களிடம் சொல்லும்போது அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்.

நடந்தது இதுதான். ஒரு வெப்சைட்டிலிருந்து இன்னொன்றுக்கு வழிகாட்டி ஓர் இணைப்பு வைத்தால், தேடுபொறி அதை நல்ல வார்த்தையாக எடுத்துக்கொள்ளும். நாலு நல்ல மனிதர்கள் நம் வீட்டைக் கைகாட்டினால் மதிப்பு கூடுவது மாதிரி. அதுவே சாராயக்கடை வாசலில் நிற்கிறவனெல்லாம் நம் வீட்டைக் கைகாட்டினால்? யாரோ காசு கொடுத்து ஆபாசப் பக்கங்களிலும் சூதாட்டப் பக்கங்களிலும் ஆயிரக்கணக்கில் கல்யாணக்காரரின் பெயரைக் குத்தி வைத்திருந்தார்கள். மண்டபத்தின் பெயரோடு அசிங்கமான வார்த்தைகளைக் கோத்து. போதாததற்கு, கல்யாணச் சாப்பாட்டில் பல்லி விழுந்தது என்று நடக்காத கல்யாணங்களைப் பற்றி நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள்.

ஆபீஸ் முதலாளியை சார் என்போம். சாருக்குச் சந்தேகமே இல்லை. திருப்பதியில் புதிதாகக் கல்யாண கான்ட்ராக்ட் தொடங்கிய ஒரு பெரிய ஆளின் வேலை இது என்றார். "வாடே, அவனேதான். நாமளும் அவன் சைட்டுக்கு இதையே செஞ்சிடலாம், நாலு நாள் வேலை" என்றார். சார் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார், தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். பையன்கள் உற்சாகமாகிவிட்டார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

"அவந்தான்னு யாரு பாத்தா சார்?" என்றாள் அக்கா.

"வேற யாரு செய்வாங்க?"

"தெரியாது சார். அதான் கேக்கறேன்."

சார் முகம் கறுத்துப்போயிற்று. ஆனாலும் அவளை விட்டால் அந்த வேலை தெரிந்தவர் ஆபீசில் யாரும் இல்லாததால் பேச்சு அதோடு நின்றது. அவளுக்கு அது தெரிந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. இங்கே வருவதற்கு முன் மூன்று வருடம் சென்னையில் அதையே செய்தவள் அவள். குத்துகிற பக்கத்தில் இருந்தவள். வேலைக்குச் சேரும்போதே சாரிடம் சொல்லியிருக்கிறாள், எங்களிடமும் மறைக்கவில்லை. "ஒரு நாளைக்கி எரநூறு குத்துவேன்டி. யாரு மேல குத்தறோம்னு பாக்க உடமாட்டாங்க. அட்ரஸ் மட்டும் வரும். ஒரு நாள் தொறந்து பாத்துட்டேன். ஊறுகா விக்கிற ஒரு பொம்பள. பொண்ணு பேர்ல கட நடத்திக்கினு கீது. பாட்டில் மேல அந்தப் பொண்ணு போட்டோ." அன்று மத்தியானமே எழுந்து வந்துவிட்டாளாம். அந்த ஊறுகாய்க்காரியின் கடை என்னவாயிற்று என்று கேட்டேன். "முடிச்சிட்டோம்" என்றாள். எனக்கு அவள் மேல் கொஞ்சம் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

இதற்கு வைத்தியம் ஒன்று உண்டு. நம்மைக் கைகாட்டுகிற கெட்ட பக்கங்களையெல்லாம் பட்டியல் போட்டு, "இவர்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, இவர்கள் கைகாட்டுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள்" என்று தேடுபொறிக்கு எழுதிக் கொடுக்கலாம். நாங்கள் அதைத் தள்ளிவைப்பு லிஸ்ட் என்போம். பட்டியல் போட ஒரு சாப்ட்வேர் உண்டு, மெஷின் என்போம். நாலாயிரத்துச் சொச்சம் பக்கங்களையும் அது ஒரு நிமிஷத்தில் பார்த்து, கெட்டது என்று தோன்றியதற்கெல்லாம் சிவப்பு வைத்துவிடும். மற்ற ஊரில் மற்ற ஆட்கள் அந்தச் சிவப்பை அப்படியே அள்ளி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க உட்கார்ந்தாள்.

அப்படிப் பார்க்க அவளுக்குக் காரணம் இருந்தது. மெஷின் சிவப்பு வைத்ததில் கல்யாணக்காரரின் நிஜமான செல்வமும் கிடந்தது. புரட்டாசியில் ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியாகவும் நகரி, புத்தூர் வழியாகவும் மலைக்கு நடந்து போகிற பாதயாத்திரைக் குழுக்கள் நாராயணவனத்தில் இரவு தங்கும். கல்யாணக்காரர் மண்டபத்தைத் திறந்துவிட்டு, மோர் கொடுத்து, கொப்புளம் வெடித்த காலுக்கு வெந்நீரும் வைப்பார். அந்தக் குழுக்களில் இப்போது படித்த பிள்ளைகள் இருந்தார்கள். இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் குழுவின் பெயரில் தமிழில் பக்கம் போட்டு, நடந்த கதையெல்லாம் எழுதி, இவருடைய மண்டபத்துக்கு இணைப்பு கொடுத்திருந்தார்கள். பார்க்கச் சகிக்காத பக்கங்கள். திறந்ததும் மணி அடிக்கும், விளக்கு மினுக்கும், மேலிருந்து பூ கொட்டும். விலாசமோ வாயில் நுழையாத எழுத்தும் எண்ணும். மெஷினுக்கு அதுவும் ஆபாசப் பக்கமும் ஒன்றுதான். ஆனால் கல்யாணக்காரர் இத்தனை வருடம் முதலிடத்தில் நின்றது அந்த மணியடிக்கிற பக்கங்களின் தோளில்தான்.

குத்தினவனுக்கும் அது தெரிந்திருந்தது. கல்யாணக்காரர் பெயரில் பொய் மெயில் செய்து, "எங்கள் இணைப்பை எடுத்துவிடுங்கள்" என்று குழுக்களுக்கெல்லாம் கேட்டு எழுதியிருந்தான். அக்கா ஒவ்வொரு குழுவின் குருசாமிக்கும் போன் போட்டாள். அரக்கோணத்தில் ஒருவர், "நீங்கதானேம்மா எடுக்கச் சொன்னீங்க? மனசுக்குக் கஷ்டமாப் போச்சு" என்றார். "நாங்க சொல்லலைங்க. உங்க பேச்சுதாங்க அவருக்குச் சோறு. தயவுசெஞ்சி எடுத்துடாதீங்க" என்று அக்கா எழுந்து நின்று பேசினாள். அவள் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். ஒரு குழுகூட எடுக்கவில்லை.

மற்ற பக்கங்களைப் பார்ப்பது நரகம். பெண்பிள்ளை பகல் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற சமாசாரமா அது? பழைய காலண்டர் அட்டை இரண்டை மானிட்டரின் இருபக்கமும் சொருகி மறைத்துக்கொண்டாள். பையன்கள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வருவார்கள். ஒருநாள் ஒருவனைப் பார்த்து, "வாப்பா, இங்க உக்காந்து நீயும் பாரு. பாத்து எழுதிக் குடு. எனக்குப் பாதி வேல கொறையும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அப்புறம் அவனுக்கு ஒரு வாரம் தண்ணீர் தாகமே எடுக்கவில்லை. "மெஷின்தான் சொல்லுதேக்கா, எதுக்கு இப்படிக் கஷ்டப்படற?" என்று நான் கேட்டேன். அவள் அடுத்த பக்கத்தைத் திறந்தாள்.

பதில் அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் வந்தது. நான் நகரியில் இறங்க வேண்டும், அவள் அங்கே மாறி ஊருக்குப் போக வேண்டும். புத்தூரில் பஸ் நெடுநேரம் நின்றிருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளுடைய நைனா சீசனில் சித்தூர் பக்கம் ஒரு மாங்கூழ் பேக்டரிக்குப் போவார். ஒருமுறை அங்கே ஒரு மோட்டாரைக் காணோம். மேஸ்திரி ஒரு லிஸ்ட் எழுதிக் கொடுத்தான், இவர்கள் காலனிப் பெயர்களை வரிசையாக. நைனா அன்றைக்கு வேலைக்கே போகவில்லை, காளஹஸ்தியில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். லிஸ்டில் பெயர் இருந்தது, போலீசார் இழுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்து விட்டார்கள். வலதுகை விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவில்லை.

"மோட்டார் கெடச்சிச்சாக்கா?"

"ரிப்பேருக்குப் போயிருந்துச்சிடி. அவங்களேதான் அனுப்பிகீறாங்க." பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "மேஸ்திரி கெட்டவன் இல்ல. எங்க நைனாவுக்கு பீடி குடுப்பான். லிஸ்ட் கேட்டாங்க, எழுதிட்டான். யாரையும் பாக்கல, அவ்ளதான். இன்னிக்கும் எங்க நைனாவுக்கு நான்தான் பெசஞ்சி ஊட்டணும், ஊர்ல இருந்தா" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கையை அப்போது நிஜமாகத்தான் பிடித்தேன், அதில் பொய்யில்லை.

மார்கழி பிறந்தது. தை முகூர்த்தத்துக்குப் போன் வர வேண்டிய நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணக்காரர் வியாழக்கிழமை மட்டுமில்லாமல் தினமும் வர ஆரம்பித்தார், கொய்யாப்பழம் இல்லாமல். "ஏமம்மா, இன்னும் அய்போலேதா?" என்பார் சார் மணிக்கொரு தரம், இன்னும் முடியவில்லையா என்று. மூவாயிரத்து முந்நூறு பக்கம் பார்த்து முடித்திருந்த அன்று அக்காவுக்கு ஊரிலிருந்து போன். நைனாவுக்கு மூச்சுத்திணறல், சித்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பையை எடுத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "எழுநூறு பாக்கி கீது. எல்லாம் தமிழ்ல இருக்கறது. பசங்களுக்குப் படிக்க வராது, நானே பாக்கணும்னு கடைசிக்கி வெச்சேன். மணி அடிக்கற பக்கமெல்லாம் அதுலதான் கீது. ஒவ்வொண்ணா தொறந்து பாருடி. எனக்குன்னு ரெண்டு நாள் பாரு."

"சரிக்கா" என்றேன்.

முப்பது பக்கம் திறந்தேன். முப்பதும் ஆபாசப் பக்கங்கள்தான். பையன்கள் படம் மட்டும்தான் பார்த்தார்கள், எனக்குப் படிக்கவும் தெரிந்து தொலைத்தது. அக்கா, தங்கை, சித்தி என்று நாம் வீட்டில் கூப்பிடுகிற முறைகளை வைத்து எழுதியிருந்தார்கள். முப்பத்தோராவதைத் திறக்கும் முன் பாத்ரூமுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது சார் என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். முடிந்ததா என்றார். அக்காவின் காலண்டர் அட்டைகளுக்கு நடுவில் மெஷின் வைத்த சிவப்பு கீழே வரை ஓடியது. எனக்கு இருபத்திரண்டு வயது. வீட்டுக்குப் போக வேண்டும், தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும், இதையெல்லாம் மறக்க வேண்டும் என்பது தவிர மனதில் ஒன்றும் இல்லை. "முடிஞ்சிது சார்" என்றேன். சிவப்பு முழுவதையும் அக்காவின் லிஸ்டோடு சேர்த்துக் கொடுத்தேன். சார் அன்று மத்தியானமே அனுப்பிவிட்டார்.

அக்கா மூன்றாம் நாள் வந்தாள். நைனாவுக்குத் தேவலாம் என்றாள். உட்காரும் முன்பே கேட்டாள். "தமிழ்ல இருந்தத பாத்தியாடி?"

"பாத்தேன்க்கா."

அவள் என்னை ஒரு வினாடி பார்த்தாள், தலையாட்டினாள், வேலையில் உட்கார்ந்துவிட்டாள். கோயில் வாசலை நம்பாதவள், டீக்கடைப் பாலை நம்பாதவள், சாரை நம்பாதவள். பாத்தேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் மட்டும் அதற்கு மேல் கேட்கமாட்டாள். என் விஷயத்தில் அவள் லிஸ்டைத் திறந்து பார்க்கவில்லை.

தை பாதியில் கல்யாணக்காரரின் வெப்சைட் ஐந்தாம் பக்கத்திலும் இல்லை. பத்தாம் பக்கத்திலும் இல்லை. ஊர்ப் பெயரும் மண்டபப் பெயரும் சேர்த்துத் தட்டினாலும் இல்லை. கைகாட்டிய கெட்டவர்கள் போயிருந்தார்கள், நல்லவர்களும் போயிருந்தார்கள். எதிரி மெயில் மேல் மெயில் போட்டும் நடக்காததை நான் ஒரு மத்தியானத்தில் முடித்துக் கொடுத்துவிட்டேன். இப்போது அந்தப் பெயர்களைப் பட்டியலிலிருந்து திரும்ப எடுத்து எழுதிக் கொடுக்கலாம், ஆனால் தேடுபொறி மறுபடி நம்புவதற்கு மாதக்கணக்காகும். அதற்குள் வைகாசி முகூர்த்தமும் போய்விடும்.

சார் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். கல்யாணக்காரரும் அவர் மனைவியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மேஜை மேல் அந்த லிஸ்ட் அச்செடுத்து வைத்திருந்தது. அக்கா குனிந்து கடைசித் தாள்களைப் புரட்டினாள். அரக்கோணம் குழு, ஊத்துக்கோட்டைக் குழு, ராணிப்பேட்டைக் குழு. போன் போட்டுக் கெஞ்சிய பெயர்களெல்லாம் வரிசையாக இருந்தன. அவளுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது, நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

"இது யார் போட்ட லிஸ்ட்?" என்றார் சார் என்னிடம்.

வாய் திறந்தபோதுகூட நிஜத்தைச் சொல்லப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். "அக்கா போட்டுக் குடுத்துட்டுப் போனதுதான் சார். நான் ஒண்ணும் சேக்கல."

சார் அக்காவைப் பார்த்தார். "நுவ்வு செப்பு, நீ சொல்லு. இவ சேர்த்தாளா?"

அக்கா தாள்களை ஒழுங்காக அடுக்கி வைத்தாள். "நான் அன்னிக்கி சித்தூர்ல இருந்தேன் சார். இவ சேத்தத நான் பாக்கல."

"அப்போ நீதான் போட்ட."

"நான் போடல சார்."

"எவரு சூசாரு?" என்றார் சார். யார் பார்த்தது என்று. அவளுடைய கேள்வியையே அவள் மேல் திருப்பிப் போட்டதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. பிறகு கல்யாணக்காரர் பக்கம் திரும்பி, இவள் சென்னையில் இதே வேலை செய்தவள், உங்கள் சைட்டைக் கெடுத்தவனுக்கு இவ்வளவு விஷயம் எப்படித் தெரிந்தது என்று இப்போதுதான் புரிகிறது என்றார். எதிர் ஆளைத் தாக்க வேண்டாம் என்று தடுத்ததும் இவள்தான் என்றார். சொல்லச் சொல்ல எல்லாம் பொருந்தி வந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் பேசுவேன் என்று காத்திருந்தாள். நான் தரையைப் பார்த்தேன். தரையில் ஒரு கொய்யா இலை கிடந்தது, எந்த வியாழக்கிழமையுடையதோ.

கல்யாணக்காரர் எழுந்தார். எப்போதும் 'அம்மா' என்று பேசுகிறவர். "துட்டு வாங்கிக்கினு எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டியா? உங்க காலனி புத்தி எங்க போவும்?" என்றார். அவர் மனைவி அவர் தோளைப் பிடித்து இழுத்தார், ஆனால் அவரும் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்கா வெளியே வந்து, காலண்டர் அட்டைகளைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள், டப்பாவையும் செருப்பையும் எடுத்துக்கொண்டாள். படிக்கட்டு வரை பின்னால் போனேன். அவள் திரும்பிப் பார்த்தாள். "வாந்தி எடுத்தியாமே. பசங்க சொன்னாங்க. என்கிட்ட சொல்லியிருந்தா நான் பாத்திருப்பேனேடி" என்றாள். இறங்கிப் போய்விட்டாள்.

கல்யாணக்காரர் வைகாசிக்குள் மண்டபத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது மறுபடியும் யார் யாருடைய மண்டபத்திலோ பந்தி பரிமாறுகிறார் என்று கேள்வி. சார் அதோடு விடவில்லை. இந்தத் தொழில் செய்கிறவர்கள் கூடிப் பேசுகிற ஒரு பக்கத்தில் அக்காவின் பெயர், ஊர், போட்டோ போட்டு, காசு வாங்கிக்கொண்டு வாடிக்கையாளரைக் காட்டிக்கொடுத்தவள், யாரும் வேலைக்கு வைக்க வேண்டாம் என்று எழுதினார். அதை நாலு பேர் எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டார்கள். எவனும் விசாரிக்கவில்லை. சித்தூரில் ஒரு இடம், பெங்களூரில் இரண்டு இடம் முயன்றாளாம். எல்லா இடத்திலும் முதலில் பெயரைத்தானே தட்டிப் பார்ப்பார்கள். கடைசியாகக் கேள்விப்பட்டபோது ஊரில் பூத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

நான் அந்த வருடமே பெங்களூருக்கு வந்துவிட்டேன். இங்கே எனக்கு நல்ல பெயர். பெரிய ஆஸ்பத்திரிகள், ஓட்டல்கள், பணக்கார டாக்டர்கள், யாருடைய பெயரை யார் கெடுத்தாலும் என்னிடம்தான் வருகிறார்கள். எனக்குக் கீழே பதினோரு பேர், எல்லாரையும் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்க்க வைக்கிறேன். இவ்வளவு கண்டிப்பு எங்கே கற்றீர்கள் என்று கேட்கிறார்கள். திருப்பதியில் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

அக்காவைப் பற்றிய அந்தப் பக்கத்தைக் கீழே தள்ள எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தேன், நகரவில்லை. போன வருடம் அதை நடத்துகிறவருக்கு, நான் யார் என்று சொல்லாமல், அது பொய்ச் செய்தி என்று எழுதினேன். மரியாதையாகவே பதில் போட்டார். நடந்ததை நேரில் அறிந்த ஒருவர் தன் பெயர் போட்டு இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்றார். அந்த இரண்டு வரியை மூன்று தரம் எழுதினேன். அனுப்பவில்லை. இதை எழுத உட்காரும் முன்பும் அவள் பெயரைத் தட்டிப் பார்த்தேன், இன்னும் அதுதான் முதலில் வருகிறது. இங்கேயும் அவள் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் என் பெயரையும் எழுத வேண்டியிருக்கும்.